மஞ்சள் தூளை எடுக்கும் முன் பழைய பேப்பரை விரியுங்கள்

கேள்வி: ஐயா, பாலக்கோட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா ஓட்டிய 1978 அம்பாசடர், மார்க் 3, பெட்ரோல் வண்டி, அவருக்குப் பிறகு என்னிடம் இருக்கிறது. வாரத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது. ஒவ்வொரு வாரமும் வாய்வரை நிரப்பி வைக்கிறேன். காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். ஓடிச் சூடானபின் சொட்டுவதைப் பார்த்ததில்லை. போன மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் கொதித்து ஆவி வந்துவிட்டது. ஒரு மெக்கானிக் மஞ்சள் தூள் போட்டால் நின்றுவிடும் என்கிறார். இன்னொருவர் ஹெட்டைக் கழற்றிப் பேக்கிங் மாற்ற வேண்டும் என்கிறார். அப்பா வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றுவார். நானும் அதைத்தான் ஊற்றுகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒழுகும் இடம் எது என்று இருவருமே பார்க்கவில்லை. இடம் தெரியாமல் மஞ்சள் தூள் போடுவதும் தவறு, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுவதும் தவறு. உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இது பெரும்பாலும் கிளிப், ஹோஸ், மூடி, வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்ற விடும் பம்ப்) என்ற அளவில் முடிகிற வேலையாகத்தான் தெரிகிறது. ஆனால் தொப்பூரில் கொதித்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் அந்த அரை லிட்டர். வாய்வரை நிரப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியில் இப்போதைய கார்களில் இருப்பது போன்ற ரிசர்வ் பாட்டில் கிடையாது. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீருக்கு ரேடியேட்டரின் மேல்தொட்டியில் இடம் இல்லையென்றால் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓவர்ஃப்ளோ பைப் வழியாக ரோட்டில் போய்விடும். வண்டி ஆறியதும் மட்டம் இறங்கியிருக்கும். நீங்கள் பார்த்துவிட்டு மறுபடி வாய்வரை ஊற்றுவீர்கள். அதுவும் வெளியே போகும். ஒழுகலே இல்லாத வண்டியில்கூட இப்படித் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். அதனால் அடுத்த ஒரு வாரம் வாய்வரை ஊற்றாதீர்கள். வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள். ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டு தினமும் காலையில் அளந்து பாருங்கள். மட்டம் உள்ளே உள்ள குழாய்களுக்கு மேலே ஒரே இடத்தில் நின்றுவிட்டால், உங்கள் அரை லிட்டரில் பெரும்பங்கு ஒழுகலே இல்லை.

ஆனாலும் காலையில் ஈரம் இருக்கிறது. அதற்குத்தான் பழைய பேப்பர். இரவு வண்டியை நிறுத்தியதும், முன்சக்கரங்களுக்கு நடுவில், ரேடியேட்டரில் தொடங்கி கியர் பாக்ஸ் வரைக்கும் செய்தித்தாளை விரித்து வையுங்கள். காற்றில் பறக்காமல் கல் வையுங்கள். முன்பக்கம் எது என்று பேனாவால் எழுதிவிடுங்கள். காலையில் ஈர வட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே டார்ச் அடியுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் சொட்டுகிற நீர் நேராகக் கீழே விழும். ஓடுகிற வண்டியில் அப்படி இல்லை. ஃபேன் காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். முன்னால் வாட்டர் பாடியில் கசிந்தது இன்ஜினின் பின்பக்கத்தில் ஈரமாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்து பின்பக்கத்தைக் கழற்றியவர்கள் உண்டு.

சூடானபின் சொட்டவில்லை என்கிறீர்கள். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே அப்போது ஒழுகாது. ரப்பரும் இரும்பும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் சூட்டில் இறுகி நிற்கும், இரவில் ஆறும்போது விட்டுக்கொடுக்கும். இரண்டாவது, ஒழுகுகிறது, ஆனால் சுடும் இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடுகிறது. இரண்டாவது என்றால் அந்த இடத்தில் தடயம் இருக்கும். நம் ஊர் தண்ணீருக்கு அதில் ஒரு வசதி உண்டு: எங்கே காய்ந்தாலும் வெள்ளையாகக் கோடு விட்டுப் போகும். துரு கலந்திருந்தால் பழுப்பாக இருக்கும். பானெட்டைத் திறந்து அந்தக் கோட்டைத் தேடுங்கள். கோடு கீழ்நோக்கி வழிந்திருக்கும். அதன் உச்சி எங்கே தொடங்குகிறதோ அதுதான் நம் இடம்.

நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஹோஸ்கள். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தண்ணீர் போகிற சின்னக் குழாய் இருந்தால் அதுவும். வண்டி ஆறியிருக்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலும் போச்சு, ஊறிய பஞ்சு மாதிரி இருந்தாலும் போச்சு. கிளிப்பை இறுக்கினால் நின்றுவிடும் என்று பலரும் முறுக்கிக்கொண்டே போவார்கள். கிளிப் ரப்பரை அறுத்துவிடும். ஹோஸைக் கழற்றி, அது ஏறுகிற குழாய் முனையைப் பாருங்கள். அங்கே துருவும் சுண்ணாம்பும் மேடு பள்ளமாக இருந்தால் எந்தக் கிளிப்பாலும் அடைக்க முடியாது. எமரி பேப்பரால் வழவழப்பாகத் தேய்த்துவிட்டு, புது ஹோஸ், புது கிளிப் போடுங்கள். கீழ் ஹோஸை மறக்க வேண்டாம். பம்ப் உறிஞ்சும்போது அது உள்ளே அமுங்கித் தண்ணீர் போகும் வழி குறுகிவிடும். ஏற்றத்தில் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தெர்மோஸ்டாட் மூடி. தண்ணீர் சூடான பிறகு ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். மேல் ஹோஸ் இன்ஜினில் சேரும் இடத்தில், ஹெட்டின் முன்னால், மூன்று நட்டில் உட்கார்ந்திருக்கும் வளைந்த வார்ப்பு அது. உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி இன்ஜின், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பு. இந்த இன்ஜினில் நான் அதிகம் பார்த்த கசிவு இந்த மூடியில்தான். வார்ப்பு அலுமினியம், அது உட்காருவது இரும்பில், நடுவில் உப்புத் தண்ணீர். அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, பேக்கிங் உட்காரும் முகத்தில் குழி விழும். இதைச் சரிசெய்வது எளிது, கழற்றுவதுதான் கஷ்டம். நட்டு ஏறும் மரைக் கம்பிகளான ஸ்டட்கள் அலுமினியத்துக்குள் துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் வார்ப்பு உடையும், நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் ஹெட்டுக்குள் முறியும். முறிந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். முந்தின நாள் மாலையே டீசலோ துருநீக்கி எண்ணெயோ ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, அரை மில்லிமீட்டர் மேலே வந்தால் மறுபடி எண்ணெய். ஒரு முழு நாள் போனாலும் போகட்டும். எடுத்தபின், ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை வைத்து, அந்த முகத்தை எட்டு போடுவது போலத் தேய்த்தால் சமமாகிவிடும். குழி ஆழமாக இருந்தால் வேறு மூடிதான். புது பேப்பர் பேக்கிங், மெல்லிய பூச்சாக அனபாண்ட் பசை, அவ்வளவுதான். பூச்சு கூடினால் உள்பக்கம் பிதுங்கி உரிந்து ரேடியேட்டருக்குள் போய் அடைக்கும்.

மூடியைத் திறக்கும்போது உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வெயில் ஊரில் எதற்கு என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். இருக்க வேண்டும் அம்மா. அது இல்லாத இன்ஜின் ஊர் ஓட்டத்தில் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். வெப்ப நாடுகளுக்கு இந்த வகை இன்ஜினுக்கு 74 டிகிரியில் திறப்பது பொருந்தும். வாங்கியதைப் போடும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துத் திறக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கியதும் திறக்காமல் போவது உண்டு.

அப்புறம் வாட்டர் பாடி. இன்ஜினை நிறுத்தி, ஃபேனின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் ஆடினால் தண்ணீரைத் தடுக்கும் சீல் நிற்காது. பாடியின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வர வைத்த துளை அது. அங்கே வெள்ளைக் கோடு இருந்தால் சீல் முடிந்தது என்று அர்த்தம். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்த வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. அடைத்ததும் ஒழுகல் நின்றது, ஒரே வாரத்தில் பேரிங் துருப்பிடித்து ஃபேன் ரேடியேட்டரில் போய் உரசிவிட்டது. தயவுசெய்து யாரையும் அதை அடைக்க விடாதீர்கள். பெல்ட்டையும் வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்ட வேண்டாம். நீளமான பகுதியில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் போக வேண்டும். பழைய பாடிகளில் கிரீஸ் வைக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். கொஞ்சம்தான் வைக்க வேண்டும். அதிகம் திணித்தால் கிரீஸே சீலைத் தள்ளிக்கொண்டு போகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், ஹெட்டுக்குக் கீழே உள்ள இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகளைப் பாருங்கள். நாங்கள் வெல்ஷ் பிளக் என்போம். வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டியில் இவை உள்ளிருந்து அரிக்கும். வெளியே வெறும் துருப்புள்ளி தெரியும், குத்தினால் ஓட்டை விழும். ஒன்று போனால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான். வெளியே எடுக்க முடிந்த எல்லாவற்றையும் ஒரே முறையில் பித்தளையில் மாற்றிவிடுங்கள்.

ஹெட் பேக்கிங் என்று சொன்ன மெக்கானிக்கின் பேச்சையும் நான் ஒதுக்கவில்லை. அதற்கும் சோதனை இருக்கிறது. குளிர்ந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வாயில் சோடா போல விடாமல் குமிழி வந்தால், மறுபடி ஆறவிட்டு மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் விறைத்தால், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவி வைத்தது போல வெளுத்திருந்தால், அவர் சொன்னது சரி. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பள்ளிக்குப் போய் வருகிற சின்ன ஓட்டத்தில் ஈரம் படிந்தும் அப்படி வரும். ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம் இருந்தால்தான் கவலை. உண்மையிலேயே ஹெட் வேலை என்றால், செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் பிராக்கெட் நட்டைத் தளர்த்தும் முன் தண்ணீரை வடிப்பீர்களா? இந்த இன்ஜினில் ராக்கரின் எட்டு நட்டில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. தண்ணீரோடு அவற்றைத் தளர்த்தினால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். இது தெரிந்தவர் கையில் தைரியமாக வண்டியைக் கொடுக்கலாம். பழைய பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். தேய்க்கும்போது தூசி பறக்காமல் நனைத்துவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இப்போது தொப்பூர். மேல்தொட்டியில் தண்ணீர் இருந்தும் ஏற்றத்தில் கொதித்தால், இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று ரேடியேட்டர் மூடி. மூடியில் உள்ள ஸ்பிரிங் அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால், கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி கூடும். ரப்பர் வெடித்த மூடி அதைப் பிடிக்காது. உயரமான ஊர்களில் இது இன்னும் மோசம். உதாரணத்துக்கு ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் நிற்காத வண்டியில் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூடி மாற்றும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில், கொதிக்கிறது என்று வந்த ஓர் அம்பாசடருக்கு, அழுத்தம் கூடினால் நல்லதுதானே என்று நினைத்து, புது மாடல் காரின் 13 பவுண்டு மூடியைப் போட்டு அனுப்பினேன். பிஎம்சி வழி வந்த பழைய வண்டிகளுக்கு பெரும்பாலும் 4 பவுண்டு, 7 பவுண்டு என்றுதான் மூடி வரும். ஈயப் பற்றில் நிற்கும் ரேடியேட்டர் அது. அந்த வண்டி தொப்பூர் ஏற்றத்திலேயே மேல்தொட்டி விளிம்பு பிளந்து, குடும்பத்தோடு இரவில் நின்றது. வண்டியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அன்று முதல் மூடியின்மேல் அச்சடித்த எண்ணைப் படிக்காமல் எந்த வண்டியிலும் நான் மூடி போட்டதில்லை. பழைய மூடியில் உள்ள எண்ணையோ வண்டியின் கையேட்டையோ பார்த்து அதே அழுத்தத்தில் வாங்குங்கள். கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும். பட்டறையில் கை பம்ப் டெஸ்டர் இருந்தால், ஆறிய வண்டியில் மூடியின் எண் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது. அப்போது டார்ச்சோடு தேடினால் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது சந்தேகம் போர் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆட்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல்லில் கறை போடுவது ஃபுளோரைடு, ரேடியேட்டரை அடைப்பது சுண்ணாம்பு. கெட்டிலின் அடியில் படிகிற அதே வெள்ளை ஓடுதான் பிளாக்கின் உள்ளேயும் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. ஒழுகிக் குறைந்ததை நிரப்ப நிரப்ப, ஒவ்வொரு அரை லிட்டரோடும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்கிறது. சின்ன ஒழுகலை நான் சும்மா விடாததற்குக் காரணம் இதுதான். அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் ஊற்றினோம்.

இந்த நிலையில் மஞ்சள் தூள் போட்டால் என்ன ஆகும்? தூள் தண்ணீரில் உப்பி, ஓட்டையில் போய் அடைப்பது உண்மைதான். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டர் குழாய் எது என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே சுண்ணாம்பில் பாதி அடைந்த குழாய்கள் மீதியும் அடைந்துவிடும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பொடிக்கும் இதே பதில்தான். இரவில், மலைப்பாதையில், குழந்தைகளோடு மாட்டிக்கொண்டால் ஒரு ஸ்பூன் போட்டு வீடு வந்து சேருங்கள், தப்பில்லை. மறுநாளே முழுவதும் வடித்துக் கழுவிவிட வேண்டும்.

ஒழுகும் இடத்தைச் சரிசெய்யும் அன்றே ரேடியேட்டரை இறக்கி, ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற கடையில் கொடுங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்பதால் தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்ற வைக்க முடியும். அதைக் கொடுத்துவிட்டு அலுமினிய ரேடியேட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிளாக்கின் பின்பக்கம் ஒரு வடி குழாய் இருக்கும். அதைத் திறந்தால் ஒன்றும் வராது. சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்திவிட்டு, தோட்டத்து ஹோஸால் மேலிருந்து தண்ணீர் பாய்ச்சி, தெளிவாக வரும்வரை விடுங்கள். கழுவிய பிறகு புதிதாக எங்காவது கசிந்தால் மனம் உடைய வேண்டாம். இத்தனை வருடம் சுண்ணாம்பே அடைத்து வைத்திருந்த ஓட்டை அது. இப்போது தெரிந்தது நல்லதுதான்.

அதன்பின் போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, துரு பிடிக்காமல் இருக்கத்தான் கூலண்ட். ஈயப் பற்று உள்ள பழைய ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சைக் கூலண்டே பொருந்தும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் டப்பாவில் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தண்ணீர் நுழையாத சந்திலும் கூலண்ட் நுழையும். அதனால் முதல் வாரம் கிளிப்களை மறுபடி ஒரு சுற்று பாருங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடிப்பதைத் தொட்டியில் பிடியுங்கள். நாயோ ஆடோ மாடோ நக்கும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள்.

இந்த வேலை எல்லாம் முடியும்வரை தொப்பூர் பக்கம் போக வேண்டாம். எங்கேயாவது கொதித்துவிட்டால், ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். கொதிக்கும் வண்டியின் மூடியைத் தொடவே கூடாது. ஆறிய பிறகும் ஈரச் சாக்கு போட்டு முதல் பிடிவரை மட்டும் திருப்பி, சீறல் நின்றபின் முழுவதும் எடுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். அம்பாசடர் உற்பத்தி 2014-ஓடு நின்றுவிட்டது. ஹெட்டும் பிளாக்கும் இனிப் பழைய வண்டியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

இன்று இரவே பேப்பரை விரித்துவிடுங்கள். மூன்று நாள், மூன்று பேப்பர். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, ஈர வட்டத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்கள். தெர்மோஸ்டாட் மூடியையும் வாட்டர் பாடியின் அடித்துளையையும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு படம். பார்த்துவிட்டு எதை முதலில் கழற்றலாம் என்று எழுதுகிறேன்.